வேற்காட்டுச் சுரிகையும் குற்றப் பேரேடும்

“ஊர் எப்படி? திருட்டு பயம் உண்டா? இரவில் பெண்கள் தனியே நடமாட முடியுமா?” சென்னைக்கு மேற்கே மனை வாங்க வருவோர் முதலில் கேட்கும் கேள்விகள் இவை. திருவேற்காட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். கேட்பதில் குற்றமில்லை, குடும்பத்தின் நலம் நாடுவது இயல்பு. விடை எங்கிருந்து பிறக்கிறது என்பதே நம் கவலை. நடந்த செயலைப் பார்த்து விடை சொல்வோர் சிலர். குடியிருப்போரின் குலத்தைப் பார்த்து விடை சொல்வோர் பலர். “அந்தத் தெருப் பக்கம் போகாதீர், அங்கே இன்னார் இருக்கிறார்கள்” என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு தெரு முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிடுகிறது. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு!

செயலை விட்டுப் பெயரைப் பார்க்கும் இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. அதன் பழங்கதை ஒன்று திருவேற்காட்டிலேயே கிடைக்கிறது. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவரான மூர்க்க நாயனார் இவ்வூரினர். அவர் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரும் தொலைவிலுள்ளவர் அல்லர், குன்றத்தூர்க்காரர். அடியார்க்கு அமுது படைத்தே செல்வத்தை இழந்த நாயனார், பொருள் தேடச் சூதாட்டத்தில் இறங்கினாராம். உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாமற் போகவே குடந்தைக்குச் சென்றாராம். முதல் ஆட்டத்தில் தோற்றுக் காட்டுவார். அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வார். தோற்ற பொருளைத் தர மறுத்தவரைச் சுரிகையால் குத்துவார். வென்ற பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அடியார்க்கே செலவிட்டார் என்பதையும் புராணம் சொல்கிறது, நாம் மறைக்கவில்லை. ஆனால், குத்துப்பட்டவன் உடம்பில் வழிந்தது குருதிதானே? சூதாட்டமும் கத்திக்குத்தும் எந்நாளும் குற்றம் என்றால், அங்கே மட்டும் அது தொண்டானது எப்படி? குத்தியவர் யார், எதற்காகக் குத்தினார் என்று பார்த்தார்கள், குத்தப்பட்டவனைப் பார்க்கவில்லை.

செய்த குற்றம் ஒருவருக்குப் புகழாயிற்று. செய்யாத குற்றம் சிலருக்குப் பிறவிப் பட்டமான கதையை இனிக் காண்போம்.

தமிழகத்தில் ஊர்க்காவல் பழைய ஏற்பாடு. மதுரை மாநகரில் நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரிந்த காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியே இருக்கிறது. பிற்காலத்தில் மதுரைச் சீமையில் கூலி பெற்று ஊரையும் மாட்டையும் களத்தையும் காத்த காவல்காரர்களுள் பிரமலைக் கள்ளர் பலர். வெள்ளையர் ஆட்சி தன் போலீசை நிறுவியபின் பழைய காவல் வேண்டாததாயிற்று. வேலையை இழந்தவனுக்கு வேறு வாழ்வு காட்டினார்களா? இல்லை, பட்டம் சூட்டினார்கள்!

1871இல் வடநாட்டில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. ஒரு கூட்டத்தைக் குற்றக் கூட்டமென அரசு அறிவித்தால், அது சரியா என்று நீதிமன்றமும் கேட்க முடியாது. கைரேகை பதிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். குறவரும் கள்ளரும் இன்னும் பலரும் இதில் சிக்கினர். தென்னார்க்காட்டில் அசீஸ் நகர் போன்ற குடியேற்றங்களில் குடும்பம் குடும்பமாக அடைக்கப்பட்டனர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கி வெடித்தது. ஒரு பெண் உள்படப் பதினாறு பேர் மாண்டனர். தொட்டிற் குழந்தைக்கும் “நீ திருடன்” என்று சீட்டெழுதிய சட்டம் அது.

சென்னை மாகாணம் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் அச்சட்டத்தை நீக்கின. ஆனால், வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் புதிய சட்டங்கள் பின்தொடர்ந்தன. ஏட்டிலிருந்து எழுத்தை அழிக்கலாம். மனத்திலிருந்து அழிப்பது எளிதா? சிறைப் பதிவேட்டில் சாதிக்கென ஒரு கட்டம் இருக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் வரை ஆயிற்று!

“பழங்கதை போகட்டும், இன்று புள்ளிவிவரம் இருக்கிறதே” என்பர். இருக்கிறது, அதையும் அறிந்து படிக்க வேண்டும். 2008இல் புறநகருக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. 2011இல் மாநகரோடு இணைந்தது. 2022 தொடக்கத்தில் மீண்டும் பிரிந்து ஆவடி ஆணையரகம் எழுந்தது. திருவேற்காடு அதனுள் அடங்கியது. எல்லைக்கோடு மாறினால் கணக்கும் மாறும். முன்னதையும் பின்னதையும் அப்படியே ஒப்பிடுவது எங்ஙனம்?

குற்ற விகிதம் என்பது இலட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பது. 2011 கணக்கெடுப்பில் திருவேற்காடு நகராட்சியில் இருந்தோர் 62 ஆயிரத்துக்கு மேல். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடக்கவில்லை. மனைகளும் மாடிகளும் பெருகிய ஊரில் வகுக்கும் எண்ணே பழையதாயிற்று. மேலும் கருமாரி கோயிலுக்கு ஆடி மாதத்தில் வந்து குவியும் வெளியூரார் அந்த மக்கள்தொகையில் இல்லை. அவர்களுள் ஒருவர் சங்கிலியைப் பறிகொடுத்தால் வழக்கு இவ்வூர்க் கணக்கில் ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று. வழக்குகள் கூடினால் குற்றம் கூடிற்று என்று பொருளன்று. புகாரை வாங்கி எழுதினார்கள் என்றும் பொருள்படும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எனப் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகாரை வாங்காது திருப்பி அனுப்பும் நிலையத்தின் ஏடு வெண்மையாகத்தான் இருக்கும். அந்த வெண்மையைப் பாதுகாப்பு என்று பாராட்டலாமா?

ஆகவே, ஊர் நல்லதா என்று கேட்க வருவோர்க்கு நாம் சொல்வது இது: தெருவிளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். இரவில் வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்குப் பேருந்து உண்டா என்று கேளுங்கள். குடிசைவாசி புகார் கொடுக்கப் போனால் உட்கார நாற்காலி தருகிறார்களா என்று கேளுங்கள். அங்கே எந்தச் சாதி வாழ்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். குத்தியவரின் பெயரைப் பார்த்து வணங்கியதும், குற்றமற்றவரின் பெயரைப் பார்த்து விலங்கிட்டதும் ஒரே நோயின் இரு முகங்கள். பெயரை விட்டுச் செயலைப் பார்க்கக் கற்ற ஊரே காவலுள்ள ஊர்.