தூசியும் ஊசியும்: தொழில்நோயாக ஹெபடைடிஸ் பி

கோலார் தங்கவயலைப் பற்றிய எழுத்துகளில் பொன்னுக்குக் கிடைத்த இடம் தூசிக்குக் கிடைத்ததில்லை. கோரமண்டல், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், உரிகம் ஆகிய பகுதிகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்த சிலிக்காத் தூசி, இந்தியத் தொழில்நோய் வரலாற்றின் தொடக்க இயல்களுள் ஒன்று. 1947இல் வெளியான ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுள் பத்தில் நால்வருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்ததைக் காட்டியது. நோய் தனிமனிதரின் விதியன்று, வேலையின் விளைவு என்பது அதன் வழி ஏட்டில் ஏறியது.

சுரங்கத்திற்குத் தூசி எதுவோ, மருத்துவமனைக்கு ஊசிமுனை அதுவே. அதன் வழிப் பரவும் ஹெபடைடிஸ் பி மருத்துவப் பணியாளர்களின் தொழில்நோய். இந்நோயின் முதற்பதிவுகளுள் ஒன்றும் தொழிலாளர்களைப் பற்றியதே. 1883இல் ஜெர்மனியின் பிரேமன் நகரக் கப்பல் கட்டும் தளத்தில், மனித நிணநீரிலிருந்து எடுத்த அம்மைப்பால் குத்தப்பட்ட 1,289 பேருள் 191 பேருக்குக் காமாலை கண்டது. 1942இல் மனிதக் குருதிநீர் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால் அமெரிக்கப் படைவீரர்கள் பல்லாயிரவர் நோயுற்றனர். உணவு, நீர் வழிப் பரவுவதை 'ஏ' என்றும் குருதி வழிப் பரவுவதை 'பி' என்றும் பிரிக்கும் பெயரீட்டைப் பிரித்தானிய மருத்துவர் மக்கல்லம் முன்வைத்ததும் அதே 1947இல்தான். 1960களில் பரூக் பிளம்பர்க் கண்டறிந்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' இவ்வைரசின் அடையாளமாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

தமிழில் இந்நோயை மறைத்து நிற்பது ஒரு சொல். 'மஞ்சள் காமாலை' என்பது நோயின் பெயரன்று, அறிகுறியின் பெயர். கண் மஞ்சளாகவில்லை என்றால் நோயில்லை என்ற எண்ணத்தை அச்சொல் வளர்த்துவிட்டது. ஆனால் நாட்பட்ட தொற்றுடையோர் பலரிடம் ஆண்டுக்கணக்கில் எவ்வறிகுறியும் தோன்றுவதில்லை. கல்லீரல் இறுகிய பின்னரோ புற்று கண்ட பின்னரோ நோய் வெளிப்படுகிறது. மரபு மருந்தான கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்குடன் இணைந்து ஆராய்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். பிற இடங்களில் நடந்த பிந்தைய ஆய்வுகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை. தடுப்பே உறுதியான வழியாக நின்றது.

தடுப்பூசி அமெரிக்காவில் 1981இல் உரிமம் பெற்றது. பணியாளர்களுக்கு அதை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று அந்நாடு 1991இல் விதித்தது. இந்தியாவில் இறக்குமதி மருந்தின் விலை பெரும்பாலோர்க்கு எட்டாததாயிருந்தது. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டுத் தடுப்பூசியைக் கொணர்ந்த பின்னரே விலை சரிந்தது. குழந்தைகளுக்கான அரசுத் திட்டம் 2002இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கும், 2011-12இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. அதற்கு முன் பிறந்து இன்று செவிலியராகவும் மருத்துவராகவும் துப்புரவுப் பணியாளராகவும் இருக்கும் தலைமுறையினர் பலருக்கு அப்பாதுகாப்பு குழந்தைப் பருவத்தில் கிட்டவில்லை.

தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுடைய குருதி பட்ட ஊசி குத்தினால் நோய் பற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை; எச்.ஐ.வி.க்கு அது ஏறத்தாழ 0.3 மட்டுமே. எனினும் அச்சம் பின்னதற்கே மிகுதி. மருத்துவ மாணவரிடையே நடந்த இந்திய ஆய்வுகள் பலவும் ஒன்றையே சுட்டுகின்றன: நோயைப் பற்றி அறிந்தோர் பலர், மூன்று தவணையையும் முடித்தோர் அவர்களினும் குறைவு. இறுதித் தவணைக்குப் பின் எதிர்ப்பொருள் அளவு 10 அலகைத் தாண்டியதா என்று பார்த்தோர் அதனினும் குறைவு.

உயிரி மருத்துவக் கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி. 'அனைவர்' என்ற சொல்லில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும் அடக்கம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் பிள்ளைகள் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறுகின்றனர். அவர்களுள் மருத்துவமனைத் தரையைத் துடைப்பவர், குப்பைப் பையில் மறைந்த ஊசியால் குத்துப்படும்போது, மாணவருக்கு உள்ள பதிவேடு அவருக்கும் உண்டா என்பதே கேள்வி.

பாட்டன் சுவாசித்த தூசிக்குத் தடுப்பூசி இல்லை. பேரனை அச்சுறுத்தும் நோய்க்கு அது உண்டு. மூன்று தவணை, ஆறு மாதம். அதை அவரிடம் கொண்டு சேர்க்காத நிறுவனம், அறிவியல் இன்னும் வளரவில்லை என்று காரணம் சொல்ல இயலாது.