எல்லைக் கோப்புகள் யாரிடமிருந்து மறைக்கப்படுகின்றன?



எல்லைப் பாதுகாப்பு பற்றிய அரசு ஆவணங்கள் மக்களுக்குக் கிடைக்கின்றனவா என்பது இன்றைய உரையின் பொருள். நம் அரங்கில் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதனால் நமக்குத் தெரிந்த ஓர் ஆவணத்திலிருந்து தொடங்குகிறேன்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் அடிப்படை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, காரணை நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நிலம் நம்முடையது என்று அந்தப் போராட்டம் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தக் காகிதம் நம் கைக்கு வந்திருந்தது. காகிதம் அரசிடம் மட்டும் இருந்தால் அது அதிகாரம். மக்கள் கைக்கு வந்தால் அது உரிமைக்கான சான்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லைக்குப் போவோம்.

இந்தியாவில் அரசு ரகசியத்தின் வேர் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். காலனி ஆட்சி தன் குடிகளை நம்பாமல் இயற்றிய சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது நீக்கப்படவில்லை. 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் கூலித் தொழிலாளர்கள் தங்கள் வருகைப் பட்டியலைக் காட்டும்படி கேட்டபோது, அதிகாரிகள் இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் மறுத்தார்கள். கூலிக் கணக்கே ரகசியம் என்றால் எல்லைக் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கோப்பு 1962 போரைப் பற்றியது. 1962 அக்டோபர் 20 காலையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படை தாக்கியபோது, அங்கிருந்த சிப்பாய்களில் பலரிடம் மலைக் குளிருக்கு ஏற்ற உடைகூட இல்லை. 1,383 பேர் இறந்தார்கள், 1,696 பேர் காணாமல் போனார்கள் என்பது அந்தப் போரின் அரசுக் கணக்கு. மஜ்ஹபி, ராம்தாசியா என்னும் தலித் சீக்கியர்களைக் கொண்டு அமைந்த சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் வீரர்களும் அந்த ஆண்டு வடகிழக்கு எல்லையில் நின்றார்கள்.

தோல்விக்கான காரணங்களை ஆராயும்படி லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸையும் பிரிகேடியர் பகத்தையும் ராணுவம் பணித்தது. அவர்கள் 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் அதன் முடிவுகளைச் சுருக்கமாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அறிக்கை வெளிவரவில்லை. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டார். மத்தியத் தகவல் ஆணையம் 2009இல் மறுத்தது. 2010இல் அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அதில் உள்ளவை இன்றைக்கும் ராணுவ நடவடிக்கை சார்ந்த மதிப்புள்ளவை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு சொன்ன பதில் இது.

2014இல் நெவில் மாக்ஸ்வெல் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் அந்த அறிக்கையின் பெரும்பகுதியை இணையத்தில் வைத்தார். 1970இல் வெளிவந்த தம் நூலுக்கே அதைப் பயன்படுத்தியவர் அவர். அதாவது, அயல்நாட்டார் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்த அறிக்கையை இந்தியக் குடிமக்கள் படிக்கக் கூடாது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது என்ன? தாக்கினால் தாங்க முடியாத இடங்களில் சிறு சிறு காவல்நிலைகளை அமைக்கச் சொன்ன ‘முன்னேறும் கொள்கை’யை நிறைவேற்றும் நிலையில் ராணுவம் இல்லை என்பதும், அதைத் தலைமை உரியபடி எடுத்துச் சொல்லவில்லை என்பதும்தான். தலைமையின் தவறு கோப்பில் பத்திரமாக இருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் கீழே நின்ற சிப்பாய்கள்.

இரண்டாவது கோப்பு மணிப்பூரைச் சேர்ந்தது. இந்திய-மியான்மர் எல்லையைக் காக்கும் படை அசாம் ரைஃபிள்ஸ். 2004 ஜூலை 10 நள்ளிரவில் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அந்தப் படையினர் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். மறுநாள் குண்டுக் காயங்களுடன் உடல் கிடைத்தது. ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாயிலில் பன்னிரண்டு தாய்மார்கள் ஆடை களைந்து நின்றது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கொண்டுபோகும்போது படையினர் குடும்பத்தாரிடம் ஒரு கைதுக் குறிப்பைக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒற்றைக் காகிதம் வீட்டில் இருந்ததால், மனோரமா யாருடைய காவலில் இருந்தார் என்பதை எவரும் மறுக்க முடியவில்லை.

மணிப்பூர் அரசு நீதிபதி உபேந்திர சிங் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அவர் அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கை கொடுத்தார். விசாரணை ஆணையச் சட்டம் 1952 என்ன சொல்கிறது? அறிக்கை, எடுத்த நடவடிக்கைக் குறிப்புடன், ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஆனால் பத்து ஆண்டுகள் அது மூடிக் கிடந்தது. 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. தப்பி ஓடியபோது சுட்டோம் என்ற படையினரின் விளக்கத்தை ஆணையம் ஏற்கவில்லை. அதே காலத்தில் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை ஆராய்ந்த ஜீவன் ரெட்டி குழு, அந்தச் சட்டத்தை நீக்கும்படி 2005இல் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையையும் அரசு வெளியிடவில்லை. பத்திரிகை மூலம்தான் மக்கள் அதைப் படித்தார்கள்.

இந்த இரண்டு கோப்புகளில் எதிரி நாட்டுக்குப் பயன்படும் செய்தி எது? சீனத்துக்குத் தான் எப்படி வென்றது என்பது தெரியும். மனோரமாவுக்கு நேர்ந்ததை அறிவதால் எந்த நாட்டுப் படையும் எல்லை கடக்காது. இரண்டும் மறைக்கப்பட்டது நம்மிடமிருந்துதான்.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கிறது. இருபது ஆண்டு கடந்த செய்திகளைத் தர வேண்டும் என்று 8(3) சொன்னாலும், பாதுகாப்புக் காரணத்துக்கு அந்தக் காலவரம்பு பொருந்தாது. 24ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் எல்லைப் பாதுகாப்புப் படை, அசாம் ரைஃபிள்ஸ், இந்தோ-திபெத் எல்லைக் காவல்படை போன்றவற்றுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கின்றன. போர் செய்யும் ராணுவம் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லைக் கிராமத்து மக்களோடு அன்றாடம் மோதும் படைகள் இருக்கின்றன.

ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு இந்த விலக்கு செல்லாது. மனித உரிமை மீறல் என்றால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நாற்பத்தைந்து நாளில் தர வேண்டும். 8(2) பிரிவோ, மறைப்பதால் வரும் பாதுகாப்பைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதென்றால், அலுவல் ரகசியச் சட்டத்தையும் மீறித் தரலாம் என்கிறது.

விரும்பினால் கோப்பு திறக்கும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. கச்சத்தீவு தாரைவார்க்கப்படவில்லை என்ற பொருளில் வெளியுறவு அமைச்சகம் 2015இல் தகவல் உரிமைப் பதில் கொடுத்தது. 2024 மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது, 1974 உடன்பாடு பற்றிய பழைய குறிப்புகள் அதே சட்டத்தின் வழியே வெளிவந்து மேடைப் பேச்சாயின. அவை வெளிவந்தது நல்லதே. ராமேசுவரத்து மீனவருக்கு அவை ஐம்பது ஆண்டுகளாகத் தேவைப்பட்டன என்பதுதான் என் வருத்தம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் எழுதும்போது ‘மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு’ என்பதையும் 24ஆவது பிரிவின் விதிவிலக்கையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தையும் பாதுகாத்து வையுங்கள், நாளைய வரலாற்றுக்கு அதுவும் ஆவணம்தான். நம் ஊர்த் துப்பாக்கிச் சூடுகளுக்கும் ஆணையங்கள் அமைந்தன. அவற்றின் அறிக்கைகள் ஆறு மாதத்தில் அவைக்கு வந்தனவா என்று கேட்பதிலிருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம்.