அமெரிக்கப் படைவீரர்களின் முன்கல்விக்கான கிரெடிட்

படைப் பணியின்போது கற்ற கல்வியை ஆராய்ந்து, அதற்கு ஈடான கிரெடிட்டைப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது உருவானது. இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ள முன்கல்வி ஏற்பு முறைகளுக்கு இது முன்னோடிகளில் ஒன்றாகும்.

முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் மொத்தமாக கிரெடிட் வழங்கின. வீரர் என்ன கற்றார் என்று எவரும் கேட்கவில்லை; படையில் இருந்ததே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. நன்றியுணர்வில் செய்யப்பட்ட இந்தச் சலுகை உண்மையில் மாணவருக்கே கேடாக முடிந்தது. அடிப்படைப் பாடத்தைத் தாண்டி மேல் வகுப்பில் அமர்த்தப்பட்டவர் அங்கு பாடத்தைப் பின்தொடர முடியாமல் திணறினார். பட்டத்தின் மதிப்பும் கேள்விக்குள்ளானது.

இரண்டாம் உலகப் போரின்போது இத்தவறு மீண்டும் நிகழக்கூடாது என்பதில் அமெரிக்கக் கல்வி மன்றம் உறுதியாக இருந்தது. 1944 சூன் 22 அன்று கையெழுத்தான படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைப் படியையும் உறுதிசெய்தது. இதன்மூலம் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரி சென்றனர். இவர்களில் பலர் படையில் வானொலிப் பொறியியல், வானிலையியல், அயல்மொழி எனப் பலவற்றைக் கற்றிருந்தனர். போரில் சில ஆண்டுகளை இழந்து, மணமாகி, பிள்ளை பெற்றும் வந்த ஒருவரை, தெரிந்த பாடத்திற்காக மீண்டும் ஓராண்டு உட்கார வைப்பது எளிய செய்தியன்று.

மன்றம் வெளியிட்ட கையேடு படைப் பயிற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. பயிற்சியின் கால அளவு, நோக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றைக் குறித்து, எத்தனை கிரெடிட் தரலாம் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை மட்டுமே மன்றத்தின் பணி. முடிவு அந்தந்தக் கல்லூரியின் கையில் இருந்தது. 1942-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் தொடங்கப்பட்ட படைக் கல்வி நிறுவனம் அஞ்சல்வழிப் பாடங்களை நடத்தியது. பள்ளியை முடிக்காமல் போருக்குச் சென்றவர்களின் தகுதியை அளக்க அதே ஆண்டில் பொதுக் கல்வி வளர்ச்சித் தேர்வு உருவாக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டின் பயன் எல்லோருக்கும் கிட்டவில்லை. இனப்பிரிவினை நிலவிய தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களை வெள்ளையர் கல்லூரிகள் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளில் இடம் பற்றாக்குறையாக இருந்தது. சேர இடமின்றிக் கையில் இருக்கும் கிரெடிட் வெறும் தாள்தான்.

1967-இல் கல்லூரி வாரியம் தேர்வெழுதி கிரெடிட் பெறும் திட்டத்தைத் தொடங்கியபோது, படையில் சேராதவர்களுக்கும் இத்தகைய வழி திறந்தது. மேடிசன் நிறுவனம் 1974-இல் மூடப்பட்டது. மன்றத்தின் மதிப்பீட்டுப் பணி தொடர்கிறது. எனினும் ஏற்கப்படும் கிரெடிட் பல இடங்களில் முதன்மைப் பாடத்தில் சேராமல் விருப்பப் பாடக் கணக்கில் மட்டுமே வைக்கப்படுகிறது. அப்போது படிப்புக் காலம் பெரிதாகக் குறைவதில்லை.