மாண்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்பும் வகுப்பறையும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைக் கற்பிக்குங்கால், 1955 திசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்சை, வேலை முடிந்து களைத்திருந்த தையற்பெண்ணாக மட்டும் காட்டும் வழக்கம் உள்ளது. உடற்களைப்பே காரணம் என்பதை அவரே பின்னர் மறுத்துள்ளார். 1943 முதல் நிறமக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் நகரக் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர் அவர்.

அவ்வாண்டு மார்ச்சு 2 அன்றே கிளாடெட் கோல்வின் என்னும் 15 வயது மாணவி இவ்வாறு மறுத்துக் கைதானார். அவரது இளமை முதலியன கருதித் தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை. ஆயினும், பேருந்துப் பாகுபாட்டை 1956இல் வீழ்த்திய பிரவுடர் எதிர் கேல் வழக்கின் வாதியருள் கோல்வின் உண்டு, பார்க்ஸ் இல்லை. பாடநூலார் இதனைப் பெரும்பாலும் கருதுவதில்லை.

பார்க்ஸ் கைதான இரவில், அலபாமா மாநிலக் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், உடன்பணியாற்றிய ஒருவரோடும் மாணவர் இருவரோடும் கல்லூரிப் படிப்பெருக்கியிலேயே பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருவாக்கினார். அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு இது வேலையையே பணயம் வைப்பதாகும். புறக்கணிப்பு நேரலாம் என நகரத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதமோ 1954 மே மாதத்தது. 381 நாள் நீடித்த புறக்கணிப்பைக் கற்பிப்போர் அக்கடிதத்திலிருந்து தொடங்குதல் தகும்.