செல்லாக்காசும் ஜிலேபியும்

கொளத்தூர்ல தொட்டி மீன் வாங்கப் போறவங்க 'சிக்லிட்' என்ற பேரைக் கேட்டிருப்பீங்க. ஏஞ்சல், ஆஸ்கர் எல்லாம் அந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் ஆப்பிரிக்கா, அமெரிக்கா மீன்கள். இந்தியாவுக்குச் சொந்தமானது மூணே மூணு. கேரளாக்காரங்க கொண்டாடுற கரிமீன் அதில் ஒண்ணு. இன்னொண்ணு நம்ம செல்லாக்காசு. மஞ்சள் உடம்பு, கறுப்புப் பொட்டு, மூணு விரல் நீளம். எங்க கம்மாபுரத்துக்குத் தெற்கே ஓடுற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குதே, அந்த முகத்துவாரத்துல உண்டு. 1795-ல் பிளாக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதுக்கு அறிவியல் பேர் வச்சார். தரங்கம்பாடியில இருந்த ஜான் பாதிரியார் அவருக்கு இந்தப் பக்கத்து மீன்கள் பலதை அனுப்பி வச்சவர்.

செல்லாக்காசை முட்டையிட வைக்கிறது கல்யாணம் பேசுற மாதிரி. நாமளா ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பிடிச்சு விட்டா சண்டைதான் வரும். ஆறேழு குஞ்சுகளை ஒண்ணா வளர்த்தா, அதுங்களே ஜோடி சேரும். அப்புறம் மத்ததை வேற தொட்டிக்கு மாத்திடணும். தண்ணியில கொஞ்சம் கல்லுப்பு போடலாம். முட்டையை ஒட்ட வைக்க கெட்டியான இடம் வேணும். விருத்தாசலம் பீங்கான் ஊரு. உடைஞ்ச ஜாடித் துண்டுக்கா பஞ்சம்? நான் அதைத்தான் சிமெண்டுத் தொட்டியில சாய்ச்சு வச்சிருக்கேன்.

முட்டையிட்ட பிறகு ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால விசிறிக் காவல் இருக்கும். குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறுற வழவழப்பைக் கொத்தித் தின்னும். 1967-ல் வார்டு, பார்லோ என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. மாட்டுக்குக் கன்னு மாதிரி, மீனுக்கும் ஒரு பால்குடி!

இந்தச் சிரமம் எதுவும் இல்லாத சிக்லிட் ஒண்ணு உங்க எல்லாருக்கும் தெரியும். ஜிலேபிக் கெண்டை. பேருலதான் கெண்டை, ஊரு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம். 1930-களின் கடைசியில் ஜாவா தீவுல மூஜாயிர் என்றவர் ஆத்து முகத்துவாரத்துல அஞ்சு மீன் பிடிச்சு, உப்புத்தண்ணியிலேர்ந்து மெல்ல மெல்ல நல்ல தண்ணிக்குப் பழக்கிக் குளத்துல வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்னைக்கும் அந்த மீனுக்கு அவர் பேருதான். அங்கேர்ந்து ஆசியா முழுக்கப் பரவி, 1952-ல் இந்தியாவுக்கும் வந்தது. ஏழைக்கு மலிவா மீன் கிடைக்கும்னு நல்ல எண்ணத்துலதான் கொண்டு வந்தாங்க.

ஆனா அது முட்டையை வாயிலேயே அடைகாக்கும். நாலு விரல் நீளத்துலேயே பருவத்துக்கு வந்து, வருஷத்துக்குப் பல தடவை பெருகும். 1959-லேயே இதைப் பரப்பக் கூடாதுன்னு மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. அதுக்குள்ள கை மீறிப் போச்சு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எங்க ஏரியில வலை வீசினா முதல்ல ஏறுறது ஜிலேபிதான். விலை மலிவு, குழம்புக்கும் ருசி. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இரையிலும் இடத்துலயும் நம்ம மீன்கள் அதோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு.

அதனால தொட்டி மீன் வளர்க்குற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். வீடு மாத்தும்போதோ, குஞ்சு அதிகமாகும்போதோ, பாவம்னு ஏரியில கொண்டு விட்டுடாதீங்க. திரும்பக் கடையில குடுங்க, வளர்க்குறவங்களுக்குக் குடுங்க. ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்க ஆசை இருந்தா, முதல்ல நம்ம செல்லாக்காசை முயற்சி பண்ணிப் பாருங்க.