குளியலறையின் இரண்டாவது கதவு

சிம்லா, முசூரி, உதகமண்டலம் போன்ற மலைநகரங்களில் பழைய பங்களாவை வாங்கி விடுமுறை இல்லமாக மாற்றுவோர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது குளியலறையில்தான். மரத்தளமும் கணப்பும் சாய்கூரையும் ‘மரபு’ என்று போற்றிக் காக்கப்படுகின்றன. குளியலறை மட்டும் தரைவரை பெயர்த்தெடுக்கப்படுகிறது. அங்கே தங்கப்போகிறவரின் வசதியைக் கருதினால் இது இயல்பானதே. ஆனால் அந்த வேலையின்போது வெளிச்சுவரில் ஒரு சிறு கதவு அகப்படும். எதற்கென்று தெரியாத அக்கதவைக் கொத்தனார் செங்கல் வைத்து அடைத்து, மேலே ஓடு பதித்துவிடுவார். அக்கதவு எதற்காக இருந்தது என்பதைச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

1864இல் சிம்லா பிரித்தானிய இந்தியாவின் கோடைக்காலத் தலைநகராயிற்று. அதற்கு முன்னரே, 1820களில், ஜான் சல்லிவன் உதகையில் கல் வீட்டைக் கட்டத் தொடங்கியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமவெளியிலும் மலையிலும் எழுந்த இத்தகைய இல்லங்களின் தரைப்படங்களில் ஒரு பொதுக்கூறு உண்டு. ஒவ்வொரு படுக்கையறையையும் ஒட்டி ஒரு குளியலறை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று படுக்கையறைக்குள் திறக்கும், மற்றொன்று வீட்டின் புறத்தே திறக்கும். உள்ளே, தாழ்ந்த வரம்பு கட்டிய ஒரு மூலையில் தகரத்தொட்டி. குளித்த நீர் வெளியேறச் சுவரடியில் ஒரு துளை. கிப்ளிங்கின் கீரிப்பிள்ளைக் கதையில் நல்லபாம்பு இரவில் வீட்டுக்குள் நுழைவது அத்தகைய குளியலறை நீர்வழியாகத்தான். மற்றொரு மூலையில் மரப்பெட்டி வடிவிலான கம்மோடு, அதனடியில் ஒரு பாத்திரம். குழாய் என ஒன்று அவ்வறையில் இல்லை. நீர் உள்ளே வருவதும் மலம் வெளியே போவதும் மனிதர் சுமந்தாலன்றி நடவாது. சுமந்தவர் வீட்டின் உட்பகுதியில் கால்வைக்காமல் வந்துபோவதற்கான வழியே இரண்டாவது கதவு.

இவ்வறையைச் சுற்றி வழங்கிய சொற்களைக் கவனிப்போம். வடஇந்தியாவில் அது குசல்கானா. அரபியின் ‘குஸ்ல்’ (நீராட்டு), பாரசீகத்தின் ‘கானா’ (இடம்) இரண்டும் சேர்ந்த தொடர். முகலாய அரண்மனையில் பேரரசர் தம் நெருங்கிய அமைச்சர்களைச் சந்தித்த தனியவைக்கும் அதுவே பெயர். ஜஹாங்கீரின் அவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் குறிப்புகளிலும் அப்பெயர் உண்டு. அதே சொல் பின்னர் பங்களாவின் ஈரத்தரைக்கும் உரியதாயிற்று. தோல்பையில் நீர் சுமந்து வந்தவர் பிஷ்டி; சொர்க்கத்தைக் குறிக்கும் ‘பிஹிஷ்த்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். மலம் சுமந்தவர் மேத்தர். பாரசீகத்தில் அதற்குப் ‘பெரியவர்’, ‘தலைவர்’ என்று பொருள். இந்துகுஷ் மலைப்பகுதியில் சித்ராலின் ஆட்சியாளர் இதே பட்டத்தைச் சூடியிருந்தார். படையில் ஓர் அதிகாரப் பதவியான ‘ஜமேதார்’ என்பதும் துப்புரவுத் தொழிலாளருக்கு வழங்கிற்று.

ஒரே சொல் ஓரிடத்தில் அரசனையும் மற்றோரிடத்தில் மலம் அள்ளுபவரையும் குறிப்பதை மங்கல வழக்கு என்று இலக்கண நூல் வகைப்படுத்திவிடலாம். ஆனால் இங்கு அது மதிப்பை உயர்த்தவில்லை. பெயர் உயர்ந்தது, கூலியும் தொடுகையும் உயரவில்லை. காலப்போக்கில் பட்டமே வசைச்சொல்லாயிற்று. தமிழிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. ஊர்ப் பணியாளருள் ஒருவரைக் குறித்த ‘தோட்டி’, மலம் அள்ளுபவர் என்ற பொருளில் நிலைத்து இழிசொல்லாகியது. இடத்தின் பெயரையோ டச்சு மொழியிலிருந்து கடன்பெற்றோம்: கக்கூஸ்.

இரண்டாவது கதவை ஆங்கிலேயர் கண்டுபிடிப்பு என்று மட்டும் கருதுதல் பிழையாகும். வேலையாள் கண்ணில் படக்கூடாது என்ற ஐரோப்பிய மேட்டிமையும், உடலே தீண்டக்கூடாது என்ற சாதி நெறியும் அக்கதவில் எளிதாக ஒத்துப்போயின. கொல்கத்தாவின் பழைய வீடுகளுக்குப் பின்புறம் மாடிவரை ஏறும் சுருள் இரும்புப் படிக்கட்டுகள் இதற்குச் சான்று. அவை துப்புரவுப் பணியாளர் ஏறுவதற்கென அமைந்தவை. இந்தியச் செல்வர் வீடுகளிலும் இருந்தவை. இன்று அவற்றை அழகிய வார்ப்பிரும்பு வேலைப்பாடு என்று ஒளிப்படம் எடுக்கிறோம்.

பிறகு குழாய்கள் வந்தன. இந்திய நகரங்கள் பலவற்றில் குடிநீர்க் குழாய் முதலிலும் சாக்கடை மிகப் பின்னரும் வந்தன. ஆகவே பிஷ்டியின் பணி முதலில் மறைந்தது. மேத்தரின் பணி நீடித்தது. தூய நீர் குழாயில் வந்த வீட்டிலிருந்தே மலம் கூடையில் சென்றது. 1935இல் வெளிவந்த முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ நாவலின் இறுதியில், மலம் அள்ளும் இளைஞன் பாக்கா நீர் பாய்ச்சும் கழிப்பறையைப் பற்றிக் கேள்விப்படுகிறான். அவ்வியந்திரம் தன்னை விடுவிக்குமோ என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறான்.

விடை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. மனிதர் மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ மனிதர் கையால் அகற்றப்படும் கழிப்பிடங்கள் ஏறத்தாழ 7.9 லட்சம் என்று பதிவுசெய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கியது. அத்தடை நகராட்சிக்கு மட்டுமன்று, வேலைக்கு அமர்த்தும் எந்தத் தனிமனிதருக்கும் பொருந்தும். சாக்கடைப் பணியில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014இல் விதித்த உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

மலைச்சரிவின் விடுமுறை இல்லத்தை இவ்விடத்தில் மீண்டும் நினைக்க வேண்டும். பொதுச் சாக்கடை எட்டாத சரிவுகளில் புதிய பளிங்குக் குளியலறையின் குழாய்கள் சென்று சேர்வது செப்டிக் டேங்கில். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு அது. தொட்டி எங்குள்ளது என்பதை உரிமையாளரே மறந்துவிடலாம். கழிவுநீர் லாரியின் குழாய் எட்டாத மூலையில் தொட்டி அமைந்துவிட்டால், அது நிரம்பும் நாளில் ஒருவர் மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் நிலை வரும். சுவரில் அடைத்த கதவு அப்போது தரையில் திறக்கிறது.

ஆகவே புதுப்பிப்போரிடமும் அவர்களுக்கு வரைபடம் தீட்டும் கட்டடக்கலை மாணவர்களிடமும் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஓடு தேர்ந்தெடுக்கும் முன்பே தொட்டியின் இடத்தை முடிவுசெய்யுங்கள்: லாரிக் குழாய் எட்டவேண்டும், மூடி புதையாமல் இருக்கவேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திரத்தால் கசடு அகற்ற ஏற்பாடு வேண்டும். மற்றொன்று, அடைப்பதற்கு முன் அக்கதவை அளந்து, படமெடுத்து, தரைப்படத்தில் குறித்துவையுங்கள். பங்களாவில் குளித்தவர்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஆவணக்காப்பகங்களில் நிறைய உள்ளன. நீர் சுமந்தவரும் மலம் சுமந்தவரும் எழுதிவைத்த நாட்குறிப்புகள் மிக அரிது. அவர்கள் நாள்தோறும் கடந்த வாசல்தான் பல வீடுகளில் எஞ்சியிருக்கும் சான்று.

உங்கள் கள ஆய்வில் இத்தகைய கதவையோ படிக்கட்டையோ கண்டிருந்தால், ஊரையும் அங்கு அதற்கு வழங்கும் பெயரையும் பின்னூட்டத்தில் குறிப்பிடுங்கள். அப்பெயர்களைத் தொகுத்தாலே ஒரு சொல்லகராதிக்குரிய தரவு கிடைக்கும்.