வீட்டு ஒலிச் சாதனங்களுக்கு சர்ஜ் புரொடெக்டர்: வாங்கும் முன் எர்த் இணைப்பைச் சரிபார்ப்பது அவசியம்

கோலார் தங்கவயல்: சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. நீள மின்தடம் வழியாக 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற ஊர் கோலார் தங்கவயல். பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இன்று ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை வீடுகளில் ஆம்பிளிஃபயர், ஹோம் தியேட்டர் வைத்திருப்போருக்கு ஏப்ரல், மே மாதங்களின் கோடை இடிமழை ஒரு கவலை. இடி விழும்போதும், தடைபட்ட மின்சாரம் திரும்பும் கணத்திலும் மின்னழுத்தம் நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பல மடங்கு எகிறக்கூடும். இதுவே சர்ஜ் எனப்படுகிறது.

ஸ்டெபிலைசர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அது மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கும். மைக்ரோ நொடிகளில் வந்து போகும் எழுச்சியை அதனால் பிடிக்க இயலாது. அந்த வேலையைச் செய்வது சர்ஜ் புரொடெக்டருக்குள் இருக்கும் 'வேரிஸ்டர்' என்னும் சிறு வில்லை. வழக்கமான அழுத்தத்தில் மின்சாரத்தைக் கடத்தாத அது, எழுச்சி வந்ததும் கடத்தத் தொடங்கி, உபரி மின்சாரத்தைத் திருப்பி விடுகிறது. கடைகளில் 'ஸ்பைக் பஸ்டர்' என்று விற்கப்படும் சில மலிவுப் பலகைகளில் இந்த வில்லையே இருப்பதில்லை. சுவிட்சும் சாக்கெட்டும் மட்டுமே இருக்கும்.

எனவே பெட்டியில் அச்சிடப்பட்டவற்றைப் படித்தே வாங்க வேண்டும். எழுச்சியைத் தாங்கும் திறன் ஜூல் அளவில் தரப்பட்டிருக்கும். விலை மிகுந்த ஒலிச் சாதனங்களுக்கு 1,000 ஜூலுக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. 6 ஆம்பியர் பலகை சுமார் 1,380 வாட் வரையே தாங்கும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் பலகையை இங்கே செருகவே கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரம் ஒவ்வொரு அலையிலும் சுமார் 325 வோல்ட் உச்சத்தைத் தொடுவதால் அதிலுள்ள வேரிஸ்டர் சூடேறி எரிந்துவிடும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது எர்த். இடியால் வரும் எழுச்சி பெரும்பாலும் மின்கம்பிகளுக்கும் நிலத்துக்கும் இடையே உருவாகிறது. அது இறங்க நிலத்துக்கு ஒரு வழி வேண்டும். வயரிங் பழையதாக உள்ள வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் மூன்றாவது துளைக்குக் கம்பி போகாமல் இருப்பதுண்டு. அத்தகைய வீட்டில் விலை உயர்ந்த சர்ஜ் புரொடெக்டரும் பாதி வேலையே செய்யும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியின் மின்தடை கூடும் என்பதால், மழைக்காலம் தொடங்கும் முன் எலக்ட்ரீசியனைக் கொண்டு அளந்து பார்ப்பது பயன் தரும். அதற்கு ஆகும் செலவு ஓர் ஆம்பிளிஃபயரைப் பழுதுபார்க்கும் செலவை விடக் குறைவுதான்.

ஒலிப்பெருக்கியில் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. ஷாக் அடிக்கவும் அதுவே காரணமாகலாம். எல்லாச் சாதனங்களையும் ஒரே பலகையில் செருகினால் இரைச்சல் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் ஒலிக் கம்பியில் ஐசொலேட்டர் பொருத்தலாம்.

கேபிள், டிஷ், இணையக் கம்பிகள் வழியாகவும் எழுச்சி நுழையும். அவை ஹோம் தியேட்டருடன் இணைந்திருந்தால் அவற்றுக்கும் பாதுகாப்பு உள்ள பலகையே பொருத்தம். தெரு மின்கம்பியில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரக்கூடும். அது நீடிக்கும் அழுத்தம் என்பதால் சர்ஜ் புரொடெக்டர் எரிந்துபோகும். அதற்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே தனியே வேண்டும்.

வீட்டின் அருகிலேயே விழும் இடியைத் தாங்கும் பலகை எதுவும் இல்லை. வானம் இருண்டதும் பிளக்கையும் டிஷ் கம்பியையும் கழற்றிவிடுவதே உறுதியான காப்பு. ஒவ்வோர் எழுச்சியிலும் வேரிஸ்டர் சிறிது தேய்கிறது. பலகையில் 'பாதுகாப்பு' விளக்கு அணைந்துவிட்டால், சாக்கெட்டுகளில் மின்சாரம் வந்துகொண்டிருந்தாலும் அதை மாற்ற வேண்டும்.